சாவி கொடுத்த கடிகாரம் ஏன் சீக்கிரம் நிற்கிறது?

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அறிவியல் கட்டுரை)

முன்னுரை

காலம் பொன் போன்றது. கடமை கண் போன்றது என்பர் பெரியோர். காலையில் மூவேளை ஜெபத்துக்கான மணி, அடுத்துப் பள்ளி மணி, மாலையில் படிப்பு நேர மணி என்று நம் நாள் முழுவதும் மணியோசையின் வழியே நடைபெறுகிறது. இன்று கைபேசியும் பாட்டரிக் கடிகாரமும் வீடுதோறும் வந்துவிட்டன. ஆயினும் நம் பகுதியில் பல வீடுகளின் அலமாரிகளில் தாத்தா கட்டிய சாவிக் கடிகாரம் ஒன்று துணியில் சுற்றிக் கிடப்பதைக் காணலாம். "ஏன் கட்டுவதில்லை?" என்று கேட்டால், "காலையில் சாவி கொடுத்தால் நள்ளிரவில் நின்றுவிடுகிறது, அதற்கு வயதாகிவிட்டது" என்பார்கள்.

வயதானதுதான் காரணமா? சாவி கொடுத்த கடிகாரம் சீக்கிரம் நிற்பதற்குக் காரணங்கள் என்னென்ன, கடையில் கொடுப்பதற்கு முன்பே அவற்றை நாம் எவ்வாறு பிரித்தறியலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சாவிக் கடிகாரத்தின் உள்ளே

கடிகாரத்தின் பக்கவாட்டிலுள்ள குமிழைத் திருகும்போது, உள்ளே மெயின் ஸ்பிரிங் என்னும் எஃகு வில் சுருட்டப்படுகிறது. ஒரு அடி நீளத்துக்குக் குறையாத, தாளைப் போல மெல்லிய தகடு அது. பேரல் எனப்படும் வட்ட டப்பிக்குள் அது அடங்கியிருக்கிறது. முறுக்கப்பட்ட வில் தன் பழைய நிலைக்குத் திரும்ப முயலும். வில்லின் இந்த இயல்பை ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1678ஆம் ஆண்டில் விதியாக வெளியிட்டார். அந்த முயற்சிதான் கடிகாரத்துக்கு உணவு.

வில் விரியும்போது பேரல் மெல்லச் சுழலும். அதன் விளிம்பிலுள்ள பற்கள் நடுச்சக்கரத்தைச் சுழற்றும். அது மூன்றாம் சக்கரத்தையும், அது வினாடிச் சக்கரத்தையும், அது எஸ்கேப் சக்கரத்தையும் சுழற்றும். கடைசியில் நிற்பது பேலன்ஸ் சக்கரம். முடிபோன்ற ஹேர் ஸ்பிரிங் பூட்டப்பட்ட இச்சக்கரம் ஊஞ்சலைப் போல இங்குமங்கும் ஆடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எஸ்கேப் சக்கரம் ஒரு சிறு அளவே நகர விடப்படுகிறது. நாம் கேட்கும் 'டிக் டிக்' ஓசை அப்போது பிறப்பதுதான். பழைய எச்.எம்.டி. சாவிக் கடிகாரங்களில் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது வினாடிக்கு 5 துடிப்பு. ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்பு! இவ்வளவையும் அந்த ஒரு அடி வில்லே தாங்குகிறது.

சேமிப்பு என்பது என்ன?

முழுச் சாவி கொடுத்த கடிகாரம் மறுபடி சாவி கொடுக்காமல் எத்தனை மணி நேரம் ஓடுமோ, அதுவே அதன் சேமிப்பு. நல்ல நிலையிலுள்ள பெரும்பாலான சாவிக் கடிகாரங்கள் 36 முதல் 45 மணி நேரம் வரை ஓடும்.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். பேரலில் 80 பற்களும், அதனோடு இணையும் நடுச்சக்கரத்தின் அச்சில் 10 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பேரல் ஒரு சுற்றுச் சுற்றினால் நடுச்சக்கரம் 8 சுற்றுச் சுற்றும். நடுச்சக்கரம் ஒரு மணிக்கு ஒரு சுற்று. எனவே பேரலின் ஒரு சுற்று 8 மணி நேரத்துக்குச் சமம். வில் 5 சுற்று விரியுமானால் கடிகாரம் 40 மணி நேரம் ஓடும்.

ஒரு நாளைக்கு 24 மணி நேரந்தானே? பின் எதற்கு 40? மறதிக்காரர்களுக்காக மட்டுமன்று. முழுதாக முறுக்கிய வில்லின் விசை மிகுதி. விரிய விரிய அவ்விசை குறையும். விசை குறைந்தால் பேலன்ஸ் சக்கரத்தின் ஆட்டம் சிறுத்துப்போகும்; அப்போது நேரம் பிசகும். தினமும் ஒரே வேளையில் சாவி கொடுத்தால் வில்லின் வலிமையான முற்பகுதி மட்டுமே செலவாகிறது. வலிமை குறைந்த பிற்பகுதி தொடப்படாமலே இருக்கிறது. ஆகவே சேமிப்புக் குறைந்த கடிகாரம் நிற்பதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே தவறான நேரத்தைக் காட்டத் தொடங்கிவிடும். நின்ற கடிகாரத்தைப் பார்த்தவுடன் அறிந்துகொள்ளலாம். தவறாக ஓடும் கடிகாரத்தை நம்பிப் பேருந்தைத் தவறவிட்ட பிறகே அறிகிறோம்.

காரணங்கள் மூன்று வகை

முதல் வகை: சாவி முழுதாகக் கொடுக்கப்படாமை. "அதிகம் திருகினால் வில் அறுந்துவிடும்" என்று அஞ்சிப் பத்துத் திருகோடு நிறுத்துவோர் பலர். குமிழ் தானே இறுகி, இனி நகராது என்று விரலுக்குச் சொல்லும்வரை திருகலாம்; திருக வேண்டும். அதற்கு மேல் வலிந்து திருகுவதுதான் தவறு.

இரண்டாம் வகை: வில்லில் அல்லது அதன் பிடிப்பில் குறை. முற்காலத்து நீல எஃகு வில்கள் ஆண்டுக்கணக்கில் சுருண்டு கிடந்து தம் விறைப்பை இழந்துவிடும். சில வேளைகளில் அளவு பொருந்தாத வில்லை யாரேனும் மாற்றி வைத்திருப்பார்கள். வில்லின் முனைக் கொக்கி தேய்ந்தாலும், சாவி பின்னோக்கிச் செல்லாமல் தடுக்கும் கொண்டி தேய்ந்தாலும், கொடுத்த சாவி ஓட்டத்துக்குப் பயன்படாமல் நழுவிப்போகும்.

மூன்றாம் வகை: வழியில் உராய்வு. வில்லில் விசை இருக்கும். ஆனால் அது பேலன்ஸ் சக்கரம்வரை போய்ச் சேராது. சக்கர அச்சுகளின் நுனிகள் தலைமயிர் போல் மெலிந்தவை. அவை செயற்கை மாணிக்கக் கற்களில் துளையிட்ட குழிகளில் சுழல்கின்றன. '17 கல்' என்று முகப்பில் எழுதியிருப்பதன் பொருள் இதுவே. அக்குழிகளில் இட்ட எண்ணெய் சில ஆண்டுகளில் உலர்ந்து பிசினாகிவிடும். தூசியும் சேரும். தொடக்கத்தில் வில் வலிமையாக இருப்பதால் அத்தடையை வென்று ஓட்டும். பாதி விரிந்து வலிமை குறைந்ததும் தடை வென்றுவிடும், கடிகாரம் நிற்கும்.

இந்த மூன்றாம் வகையே மிகுதியாகக் காணப்படுவது. வெளியே பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்று போலத் தோன்றும். எனவேதான் சோதனை வேண்டும்.

கடிகாரத்தைத் திறவாமல் செய்யும் சோதனைகள்

இதற்கு ஒரு நோட்டும் பென்சிலும், நேரம் சரியாகக் காட்டும் மற்றொரு கடிகாரமும் போதும்.

1. கிடத்தும் சோதனை: கடிகாரத்தைக் கையிலிருந்து கழற்றி முழுச் சாவி கொடுக்க. முகப்பு மேல்நோக்க, ஆட்டாமல் மேசைமீது வைக்க. தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் எழுதுக. மறுமுறை, குமிழ் கீழ்நோக்க நிறுத்தி வைத்து அவ்வாறே செய்க. கிடக்கும்போது பேலன்ஸ் அச்சு தன் நுனிமீது நின்று சுழல்கிறது. நிற்கும்போது அதன் பக்கமும் கல்லில் உரசுகிறது. எனவே நின்ற நிலையில் ஓடும் நேரம் பெரிதும் குறைந்தால், உராய்வின்மேல் ஐயம் கொள்ளலாம்.

2. ஆட்டும் சோதனை: நின்றவுடன் சாவி கொடுக்காமல் கடிகாரத்தை மெல்ல ஒருமுறை பக்கவாட்டில் ஆட்டுக. அது மீண்டும் ஓடத் தொடங்கிச் சிறிது நேரமாவது ஓடினால், வில்லில் விசை மிச்சமிருக்கிறது, வழியில்தான் தடை. எவ்வளவு ஆட்டியும் அசையாமல், ஓரிரு திருகு கொடுத்ததும் ஓடினால், வில் வெறுமையாகிவிட்டது. முதல் இரண்டு வகைகளில் ஒன்றே காரணம்.

3. திருகு எண்ணும் சோதனை: முழுச் சாவி கொடுத்து 12 மணி நேரம் ஓடவிடுக. பிறகு ஒரே அளவாகத் திருகி, மறுபடி இறுகுவதற்கு எத்தனை திருகு ஆகிறது என்று எண்ணுக. 12 மணிக்கு 10 திருகு என்று கொள்வோம். அப்படியானால் 24 மணிக்கு 20 திருகு ஆக வேண்டும். 24 மணி ஓடி நின்ற கடிகாரம் 33 திருகு ஏற்றுக்கொண்டால், 13 திருகின் விசை ஓட்டத்துக்குப் பயன்படாமல் எங்கோ நழுவியிருக்கிறது. கொக்கியையோ கொண்டியையோ பார்க்க வேண்டும். குமிழ் இறுகாமலே சுற்றிக்கொண்டிருந்தால் வில் அறுந்திருக்கலாம், அல்லது கொக்கி விட்டிருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

எங்கள் தாத்தா மீமிசல் பக்கத்து உப்பளம் ஒன்றில் கணக்கு எழுதியவர். அவர் கட்டிய எச்.எம்.டி. ஜனதா கடிகாரம் அவர் மறைந்தபின் நள்ளிரவு தாண்டாமல் நின்றுகொண்டிருந்தது. பழைய பொருள் வாங்குபவரிடம் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. பாட்டி மட்டும் சம்மதிக்கவில்லை. விற்பதற்கு முன் ஒரு வாரம் கேட்டு வாங்கி, மேற்சொன்ன சோதனைகளைச் செய்து எழுதிய குறிப்பு இது:

முகப்பு மேல்நோக்கி முதல் முறை – 22 மணி நேரம்.
முகப்பு மேல்நோக்கி இரண்டாம் முறை – 21½ மணி நேரம்.
குமிழ் கீழ்நோக்கி நிறுத்தி – 16 மணி நேரம்.
நின்றபின் ஆட்டியபோது – மீண்டும் ஓடியது.
12 மணி நேரத்துக்குப் பின் – 10 திருகு.
22 மணி நேரம் ஓடி நின்றபின் – 18 திருகு.

12 மணிக்கு 10 என்றால் 22 மணிக்கு 18 என்பது சரியான விகிதம். எனவே சாவி நழுவவில்லை. ஆட்டினால் ஓடுகிறது; எனவே வில் வெறுமையாகவில்லை. நிறுத்தி வைத்தால் 6 மணி நேரம் குறைகிறது, எனவே உராய்வு. இந்த முடிவுக்கு வந்தபோது கடிகாரத்தின் மூடி ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை.

முதலில் காட்டிய கடையில், "வில் செத்துவிட்டது, தடிமனான வில் போட்டால் நன்றாக இழுக்கும்" என்றார்கள். அப்பா அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு அறந்தாங்கியில் வேறொரு பெரியவரிடம் சென்றார். அவர் குறிப்பை இருமுறை படித்துவிட்டுக் கடிகாரத்தைத் திறந்தார். மூன்றாம் சக்கரத்தின் கற்குழியில் எண்ணெய் கருப்பட்டிப் பாகு போல் இறுகியிருந்தது. குமிழின் தண்டில் துரு. வில் நல்ல நிலையில் இருந்தது. அதை மாற்றவே இல்லை. எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, துருவை நீக்கி, புது எண்ணெய் இட்டுக் கொடுத்தார். பின்னர் செய்த சோதனையில் கிடத்தி வைத்து 42 மணி நேரமும், நிறுத்தி வைத்து 39 மணி நேரமும் ஓடியது. இப்போது அதை அப்பா கட்டுகிறார். காலையில் அவர் சாவி கொடுக்க மறந்தால் பாட்டி நினைவுபடுத்துகிறார்.

தடிமனான வில் ஏன் கூடாது?

வில்லின் தடிமன் சிறிது கூடினாலும் விசை பெரிதும் கூடும். ஏனெனில் விசை தடிமனின் மும்மடிக்கேற்ப வளர்கிறது. தடிமன் இருமடங்கானால் விசை எட்டு மடங்கு. பத்தில் ஒரு பங்கு கூடினாலே விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அந்த மிகைவிசை பிசினைத் தள்ளிக்கொண்டு சில காலம் ஓட்டும். ஆனால் எண்ணெயற்ற அச்சுகள் விரைவில் தேயும். மேலும் பேரல் டப்பியின் இடம் மாறுவதில்லை. தடித்த வில் அதற்குள் குறைந்த சுற்றுகளே சுருள முடியும். சுற்றுக் குறைந்தால் ஓடும் நேரமும் குறையும். சேமிப்பைக் கூட்டச் செய்த வைத்தியமே சேமிப்பைக் குறைக்கும்!

தானியங்கிக் கடிகாரம்

நம் ஊர்ப் பக்கத்திலிருந்து மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் சென்றவர்கள் கொண்டுவந்த சீக்கோ 5 போன்ற கடிகாரங்கள் பல வீடுகளில் உண்டு. அவற்றில் கை அசைவால் சுழலும் ஓர் எடைத்தகடு வில்லைச் சுருட்டுகிறது. பழைய சீக்கோ 5 வகைகள் பலவற்றில் குமிழால் சாவி கொடுக்கவே இயலாது. அவற்றைக் கட்டி நாற்காலியில் உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு வில் நிறையாமல் இருக்கலாம்; அது கடிகாரத்தின் குற்றமன்று. நன்றாக நடமாடும் ஒருவர் பகல் முழுதும் கட்டியிருந்து, இரவு கழற்றி வைத்துச் சோதிக்க வேண்டும்.

தானியங்கியில் வில்லின் வெளிமுனை கொக்கியில் மாட்டப்படுவதில்லை. அது பேரலின் சுவரை அழுத்திக்கொண்டிருந்து, நிறைந்தவுடன் நழுவிக்கொடுக்கும். அச்சுவருக்கென்று தனிப்பட்ட கிரீஸ் உண்டு. அதற்குப் பதில் சாதாரண எண்ணெய் இட்டுவிட்டால் வில் பாதி நிறைவதற்குள் நழுவிவிடும். தேதியும் கிழமையும் காட்டும் கடிகாரம் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டியே நிற்குமானால், அவற்றை மாற்றும் சுமையைத் தாங்க விசை போதவில்லை என்று அறியலாம்.

நம் ஊரும் நம் கடிகாரமும்

மீமிசல் கடலோர ஊர். உப்பளங்களும் உப்புக்காற்றும் நம்முடன் பிறந்தவை. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் எஃகைத் துருவாக்கும். துரு பெரும்பாலும் குமிழின் தண்டில் தொடங்கி உள்ளே செல்கிறது. எனவே நாம் சில வழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும்.

கடிகாரத்தைக் கழற்றி, உலர்ந்த விரல்களால், தினமும் ஒரே வேளையில் சாவி கொடுக்க. கடற்கரை சென்று திரும்பினால் உலர்ந்த துணியால் துடைக்க. ஈரக்கையால் குமிழை இழுக்கற்க. நான்கைந்து ஆண்டுக்கொருமுறை கழுவி எண்ணெய் இடச் செய்க. தேங்காயெண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் ஆகியவற்றை ஒரு சொட்டும் விடற்க. மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சை மூடிக்குள் வைக்கும் பழக்கமும் வேண்டாம். அது அழுக்கை இளக்கி வேறு இடத்தில் சேர்க்குமேயன்றி நீக்காது. கடையில் கொடுக்கும்போது, "சீக்கிரம் நிற்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மணி நேரம், எந்த நிலையில், எத்தனை திருகு என்று எழுதிக் கொடுக்க. நோயாளி தன் நோயைத் தெளிவாகச் சொன்னால் மருத்துவருக்கு எளிதல்லவா?

ஏன் இவ்வளவு அக்கறை?

பெங்களூரில் 1953இல் தொடங்கப்பட்ட எச்.எம்.டி. நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் 1961இல் கைக்கடிகாரம் உருவாக்கத் தொடங்கியது. முதல் கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். அதுவரை வெளிநாட்டுக் கடிகாரத்தையே நம்பியிருந்த நாட்டில் ஆசிரியரும் எழுத்தரும் வாங்கக்கூடிய கடிகாரமாக ஜனதா வந்தது. 1984இல் டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்க, ஓசூரிலிருந்து பாட்டரிக் கடிகாரங்கள் வந்தன. சாவிக் கடிகாரத்தின் காலம் மங்கியது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. எனவே இன்று நாம் கைவிடும் ஒவ்வொரு பழைய கடிகாரத்தோடும் அதன் உதிரிப்பாகங்களும், அதைச் செப்பனிடத் தெரிந்த கைகளுக்கான வேலையும் குறைந்துகொண்டே போகின்றன.

முடிவுரை

புனித மத்தேயு நற்செய்தியில் பத்துக் கன்னியர் உவமையைப் படித்திருக்கிறோம். ஐவரின் விளக்குகள் நள்ளிரவில் அணையத் தொடங்கின. அவர்கள் விளக்கு கொண்டுவந்தார்கள், மிச்ச எண்ணெய் கொண்டுவரவில்லை. கடிகாரத்துக்கும் மிச்சம் வேண்டும். ஆனால் கடிகாரம் நமக்குச் சொல்வது இன்னொன்றும் உண்டு. நின்றுபோன எல்லாமே வெறுமையானவை அல்ல. உள்ளே வலிமை இருந்தும், வழியில் உலர்ந்துபோன ஒரு சொட்டு எண்ணெயால் நின்றவையே மிகுதி.

அன்புத் தோழியரே, வகுப்பில் பின்தங்கும் ஒருத்தியையும், வீட்டில் சோர்ந்து அமர்ந்திருக்கும் முதியவரையும் பார்த்து "அவ்வளவுதான்" என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். சொல்வதற்கு முன் பொறுமையுடன் பார்ப்போம், கேட்போம், குறித்துக்கொள்வோம். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து அந்தப் பழைய கடிகாரத்துக்கு முழுச் சாவி கொடுத்து, நோட்டில் நேரத்தை எழுதி வையுங்கள். எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் பள்ளி திறந்ததும் வந்து சொல்லுங்கள்.